மறைந்த தொகுதிகள்: காங்கேசன்துறையின் வெற்று ஆசனம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் துறைமுகத்தையும் சீமெந்து ஆலையையும் தெல்லிப்பழை முதலிய ஊர்களையும் உள்ளடக்கியிருந்த காங்கேசன்துறைத் தொகுதி, தான் தெரிவுசெய்த உறுப்பினர்களால் மட்டுமன்றி, உறுப்பினரே இல்லாதிருந்த காலங்களாலும் இலங்கை அரசியல் வரலாற்றில் கவனம் பெறுவது. பிற தொகுதிகளில் உறுப்பினரின் மரணத்தாலோ தேர்தல் வழக்காலோ சில மாதங்கள் நேரும் வெற்றிடம், இங்கு மூன்று முறை ஆண்டுக்கணக்கில் நீடித்ததோடு, மூன்று முறையும் ஓர் அரசியலமைப்பு ஏற்பாட்டை ஏற்க மறுத்ததன் விளைவாகவே அமைந்தது.

முதல் வெற்றிடம் பாராளுமன்றத்துக்கும் முந்தியது. சர்வசன வாக்குரிமையை வழங்கிய டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் அரசாங்க சபைக்குத் தேர்தல் நடந்தபோது, அவ்வரசியலமைப்பு முழுமையான சுயாட்சியைத் தரவில்லை என்று கூறி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைப்பு விடுத்தது. அதன் விளைவாகக் காங்கேசன்துறை உட்படக் குடாநாட்டின் நான்கு ஆசனங்களுக்கு எவரும் போட்டியிடவில்லை. 1934இல் நடந்த இடைத்தேர்தலில், பரமேஸ்வராக் கல்லூரியோடு நெருங்கிய தொடர்புடைய சு. நடேசன் தெரிவானார்.

டொனமூர் ஏற்பாட்டுக்குப் பின் வந்த சோல்பரி அரசியலமைப்பு, ஒவ்வொரு மாகாணத்துக்கும் 75,000 மக்களுக்கு ஒன்று, 1,000 சதுர மைல் நிலப்பரப்புக்கு ஒன்று என்ற கணக்கில் ஆசனங்களை ஒதுக்கியது. சனத்தொகை ஐதான பகுதிகளுக்குச் சற்றுக் கூடுதல் பிரதிநிதித்துவம் தருவதே நிலப்பரப்பைச் சேர்த்ததன் நோக்கம். இம்முறையில் வட மாகாணத்துக்குக் கிடைத்த 9 தொகுதிகளுள் ஒன்றான காங்கேசன்துறை, 1947இல் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளரான சா. ஜே. வே. செல்வநாயகத்தைத் தெரிவுசெய்தது. மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் தொடர்பாகவும் அரசில் சேரும் முடிவு தொடர்பாகவும் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தோடு முரண்பட்டு, 1949 டிசம்பரில் சமஷ்டி கோரித் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய அவரை, 1952இல் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளராக நின்ற அதே நடேசன் தோற்கடித்தார். சமஷ்டிக் கோரிக்கையின் கோட்டையாகப் பின்னர் பேசப்பட்ட தொகுதி, அக்கோரிக்கை முதன்முதலில் முன்வைக்கப்பட்டபோது அதை நிராகரித்தது என்பது பலராலும் மறக்கப்படுவது. 1956 முதல் 1970 வரையான தேர்தல்கள் அனைத்திலும், சைவர் பெரும்பான்மையினராக வாழ்ந்த இத்தொகுதி கிறிஸ்தவரான செல்வநாயகத்தையே அனுப்பியது.

1972 மே 22இல் நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பு, சிறுபான்மையினருக்குப் பாதகமாகச் சட்டமியற்றுவதைத் தடுத்த சோல்பரியின் 29ஆம் பிரிவைக் கைவிட்டதோடு, சிங்களத்தின் அரசகரும மொழி நிலையை உறுதிசெய்து, பௌத்தத்துக்கு முதன்மை இடத்தையும் அளித்தது. தமிழர் இதை ஏற்கவில்லை என்பதைத் தேர்தல் மூலமே நிறுவுவதாகக் கூறி, அரசு தன்னோடு போட்டியிடட்டும் என்ற சவாலுடன், செல்வநாயகம் அவ்வாண்டு ஒக்டோபரில் பதவி துறந்தார். இடைத்தேர்தல் என்பது வழக்கில் ஓர் ஆசனத்தை நிரப்பும் ஏற்பாடே அன்றி, ஒரு கேள்விக்கு மக்கள் தரும் நேரடி விடையான சர்வசன வாக்கெடுப்பு ஆகாது. ஆயினும் செல்வநாயகம் முன்னதைப் பின்னதாக மாற்ற முனைந்தார். அரசும் பாதுகாப்பு நிலைமையைக் காரணம் காட்டி ஈராண்டுக்கு மேல் தேர்தலைத் தள்ளிவைத்ததன் வாயிலாக, அம்மாற்றத்தைத் தன்னையறியாமலே ஒப்புக்கொண்டது எனலாம். ஒத்திவைப்பு அரசுக்கு நன்மை தரவுமில்லை. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் கிளப்பிய சினமும், 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் முடிவில் நிகழ்ந்த உயிரிழப்புகளும் அவ்விடைவெளியிலேயே வந்து சேர்ந்தன. 1975 பெப்ரவரி 6இல் நடந்த வாக்கெடுப்பில் செல்வநாயகம் 25,927 வாக்குகளையும், ஆளும் ஐக்கிய முன்னணியில் அங்கம் வகித்த கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் 9,457 வாக்குகளையும் பெற்றனர். இத்தீர்ப்பைத் தனித் தமிழீழத்துக்கான ஆணையாக வென்றவர் அறிவித்தபோது, 1972இன் கேள்விக்கு 1975இல் கிடைத்த விடை, கேள்வியைவிடப் பெரியதாகியிருந்தது.

செல்வநாயகம் 1977 ஏப்ரலில் மறைந்தபின், அவ்வாண்டு ஜூலைப் பொதுத்தேர்தலில் இத்தொகுதியில் வென்ற அ. அமிர்தலிங்கம், 18 ஆசனங்களைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் எதிர்க்கட்சித் தலைவரானார். 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பு மூலம் அப்பாராளுமன்றத்தின் ஆயுள் மேலும் ஆறாண்டுகள் நீட்டப்பட்டது. ஆனால் 1983 ஆகஸ்டில் நிறைவேறிய ஆறாவது திருத்தம், பிரிவினையை ஆதரிப்பதில்லை என்ற சத்தியப்பிரமாணத்தை உறுப்பினர்களிடம் கோரியது. அதைச் செய்ய மறுத்துச் சபைக்குச் செல்லாதிருந்த கூட்டணியினர் ஒக்டோபரில் ஆசனங்களை இழந்தனர். ஆக, சபையின் ஆயுள் வளர, அதில் காங்கேசன்துறையின் இடம் மட்டும் மூன்றாம் முறையாக வெறுமையாயிற்று.

இவ்வெற்றிடம் நிரப்பப்படுமுன் தொகுதியே இல்லாமற் போனது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறைக்குப் பதிலாக, கட்சிகள் பெறும் வாக்குகளுக்கேற்ப மாவட்டம் முழுவதற்குமான ஆசனங்களைப் பகிரும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு கொண்டுவந்திருந்தது. அம்முறையில் முதற் பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியில் நடந்தபோது, காங்கேசன்துறை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு வாக்கெடுப்புப் பிரிவாகச் சுருங்கியது. இன்றும் அப்பெயரில் வாக்குகள் தனியே எண்ணப்பட்டு அறிவிக்கப்படுகின்றன; ஆனால் அவ்வெண்ணிக்கை எவரையும் தனித்துத் தெரிவுசெய்வதில்லை.