உங்களுக்குத் தெரியுமா? மொத்தம் எத்தனை கோல்?

திருகோணமலையில் ஏகாம்பரம் மைதானத்தையோ மக்கெய்சர் அரங்கையோ சுற்றி நின்று உதைபந்தாட்டம் பார்ப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: யாருக்கு வெற்றி? கைபேசிப் பந்தயத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. யார் வென்றாலென்ன, இரண்டு அணிக்குமாக எத்தனை கோல் விழும்? 'இரண்டரைக்கு மேலா, கீழா' என்று பணம் கட்டச் சொல்வார்கள்.

அரைக் கோலை யாராலும் அடிக்க முடியாது. அதனால்தான் அந்த அரை. மூன்று கோல் விழுந்தால் 'மேல்', இரண்டோடு நின்றால் 'கீழ்'. சமநிலைக்கு அங்கே இடமே இல்லை. 2022 உலகக் கிண்ணத்தின் 64 ஆட்டங்களில் விழுந்தவை 172 கோல்கள். ஆட்டத்துக்குச் சராசரி 2.69. சராசரி அந்த அளவில் இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. இரண்டரை சும்மா பொறுக்கிய எண் அல்ல.

இந்தக் கணக்குக்கு உதவும் சூத்திரம் பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோனுடையது. 1898இல் போர்ட்கீவிச் என்பவர் அதே சூத்திரத்தைக் கொண்டு பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கையை ஆராய்ந்தார்.

பந்தயக் கணக்கு பெரும்பாலும் 90 நிமிடத்தோடும் காயங்களுக்காகச் சேர்க்கும் நேரத்தோடும் முடிந்துவிடும். மேலதிக நேரம் சேராது. 1970 உலகக் கிண்ண அரையிறுதியில் இத்தாலி மேற்கு ஜேர்மனியை 4-3 என வென்றது. ஏழு கோல்கள். ஆனால் 90 நிமிடம் முடிந்தபோது 1-1 தான். 'மேல்' என்று கட்டியவன் அந்த ஏழு கோலையும் பார்த்துவிட்டுத் தோற்றிருப்பான். நம் நாட்டிலும் உதாரணம் உண்டு: 1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என வீழ்த்தி இலங்கை தெற்காசியக் கிண்ணத்தை ஏந்தியது. அந்த ஒரே கோலும் மேலதிக நேரத்தில் அடித்த தங்கக் கோல். பந்தயக் கணக்கில் அந்த ஆட்டத்துக்குக் கோலே இல்லை!

'மேல்' 1.90, 'கீழ்' 1.90 என்று போட்டிருந்தால் என்ன பொருள்? இருபுறமும் ஆளுக்கு 100 ரூபா கட்டுகிறார்கள். சேர்ந்த 200இல் வென்றவருக்கு 190 போகும். பத்து ரூபா பந்தயம் நடத்தும் புக்கியிடம் தங்கும். நூற்றில் 53 முறையாவது சரியாகச் சொன்னால்தான் கட்டுபவருக்கு நட்டம் இல்லை. ஐரோப்பியச் சம்பியன்ஸ் லீக்கின் பெரும்பாலான ஆட்டங்கள் நமக்குத் தொடங்குவது நள்ளிரவு பன்னிரண்டரைக்கு, குளிர்காலத்தில் ஒன்றரைக்கு. வீடே உறங்கும் அந்த நேரத்தில், ஆட்டம் ஓட ஓட மாறும் விகிதத்தைப் பார்த்து, விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுபடி மறுபடி கட்டும் பிள்ளைகளை எண்ணினால் வயிறு கலங்குகிறது.

எந்த அணியின் பக்கமும் சாயாத பந்தயம் என்பதால் இது சாதுவானது போலத் தெரியும். ஆட்டத்தை விற்பவர்களுக்கு வசதியும் அதுவே. எந்த அணியும் தோற்க வேண்டியதில்லை. நடுவர் ஒருவர் கையில் இருந்தால் போதும். 2011 பெப்ரவரி 9, துருக்கியின் அந்தால்யா நகரம். ஒரே நாளில் இரண்டு நட்பு ஆட்டங்கள்: எஸ்தோனியா 2 பல்கேரியா 2, லத்வியா 2 பொலிவியா 1. விழுந்த ஏழு கோல்களும் பெனால்டி! ஆட்டத்தின் ஓட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு நடுவர்களுக்கு பிபா ஆயுட்காலத் தடை விதித்தது.

அதே ஆண்டு ஜூன் 1, அபுஜா. ஆர்ஜன்டீனாவுக்கு எதிராக நைஜீரியா 4-0 என முன்னிலை. மேலும் ஐந்து நிமிடம் என்று பலகை காட்டியாயிற்று. ஐந்தும் கடந்தது, விசில் வரவில்லை. எட்டாவது நிமிடத்தில் கையில் பட்டதென்று நடுவர் இப்ராகிம் ஷைபு ஆர்ஜன்டீனாவுக்குப் பெனால்டி கொடுத்தார். 4-1. வெற்றி தோல்வியை அந்தக் கோல் அசைக்கவே இல்லை. 'ஐந்தாவது கோல் விழும்' என்று கட்டியவர்களுக்கோ அதுதான் எல்லாம். சந்தேகத்துக்குரிய பந்தயம் நடந்ததென்று விசாரணை எழுந்தது. 2010, 2011 நட்பு ஆட்டங்கள் தொடர்பில் இலஞ்சம் பெற்றதற்காக ஷைபுவுக்கு பிபா 2019இல் ஆயுட்காலத் தடை விதித்தது.

இப்படி ஆட்டங்களை விற்கும் வலையமைப்புகளில் இருந்து அகப்பட்டவர்களில் ஒருவர் சிங்கப்பூரைச் சேர்ந்த வில்சன் ராஜ் பெருமாள். பின்லாந்தின் வடக்கில் உள்ள ரொவானியெமி நகர நீதிமன்றம் 2011இல் அவருக்கு இரண்டாண்டுச் சிறை விதித்தது.

 

விளையாட்டு ஊழலைத் தனிக் குற்றமாக்கித் தெற்காசியாவில் முதலில் சட்டம் இயற்றியது இலங்கைதான்: 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம். பத்தாண்டு வரை சிறை, பத்துக் கோடி ரூபா வரை தண்டம். பணத்துக்காக விதியைத் தெரிந்தே திரிக்கும் நடுவரும் இதில் அகப்படுவார். ஆசை காட்டி வந்தவனை ஒரு வீரர் மறுத்து அனுப்பினாலும் போதாது. வந்ததைச் சொல்லாமல் மறைத்தால் அதுவும் குற்றம்.