ரேவதி அம்மையாரும் உயர்திணையும்

எம் ஊராகிய ஓசூரில், வைகறைப் பொழுதில் தொழிலாளர் ஆலைப் பேருந்துக்குக் காத்துநிற்குமிடத்தே திருநங்கையர் சிலர் கைதட்டிக் காசு கேட்டு வருவதுண்டு. "அது வருகிறது, விலகு" என்று பெரியவர் ஒருவர் ஒருநாள் எம் கையைப் பற்றி இழுத்தனர். யாமும் விலகினோம். பின்னர்த் தொல்காப்பியக் கிளவியாக்கம் பாடங்கேட்டபோது எமக்கு நாணமே மேலிட்டது. பேடி என்னும் பெயரை ஆசிரியர் அஃறிணையிற் சேர்த்தாரல்லர். உயர்திணைக்குரிய வினைமுடிபையே அதற்கு வகுத்தனர். 'பேடி வந்தாள்' என்பதே மரபு. அச்சொல் இன்று இழிவுபட்டுப் போயிற்று. ஆயினும் அவ்விலக்கணம் எம் தெருவழக்கினும் மேம்பட்டதன்றோ?

இவ்வழக்கிற்கு எதிராகத் தம் வாழ்க்கையையே சான்றாக வைத்தவர் அ. ரேவதி அம்மையார். நாமக்கல்லை அடுத்த சிற்றூரொன்றில், ஆண்மகவென்று கருதப்பட்டுப் பிறந்தனர். உள்ளமோ இளமைதொட்டே பெண்ணுள்ளம். அதன்பொருட்டுத் தமையனாரிடம் அடியுண்டு, இல்லந் துறந்து, தில்லியிலும் மும்பையிலும் திருநங்கையர் குழுவிற் சேர்ந்தனர். அக்குழுவில் மூத்தவர் குரு, இளையவர் சேலா. ஈன்றார் கைவிட்டார்க்கு அவ்வுறவே குடும்பம். அறுவையாற் பெண்ணுடல் எய்துதலை அவர்கள் 'நிர்வாணம்' என்பர். நாற்பதாம் நாளிற் சடங்கும் நிகழ்த்துவர். அம்மையாரும் அவ்வாறு பெண்ணாயினர். பிழைப்பிற்கு வேறு வழியின்றிப் பாலியல் தொழில் செய்ததையும், காவலராற் பட்ட துன்பத்தையும் அவர் மறைத்திலர். அத்துணிவே எம்மை மிகவும் கவர்ந்தது.

நாமக்கல்லினின்று பெங்களூர்க்குச் செல்லும் பெருவழி கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் ஊடறுத்து, அத்திப்பள்ளியில் மாநில எல்லையைக் கடக்கின்றது. எல்லைக்கு அப்பாலுள்ள அப்பெங்களூரில், 'சங்கமா' என்னும் உரிமை அமைப்பில் 1999ஆம் ஆண்டு சிறு பணியில் அமர்ந்து, பின்னர் அதன் இயக்குநராகவும் உயர்ந்தனர் அம்மையார். தம்மையொத்தார் பலரை நாடிச்சென்று வரலாறு கேட்டு, 'உணர்வும் உருவமும்' என்னும் நூலைத் தொகுத்தனர். தம் வரலாற்றையும் தமிழிலேயே எழுதினர். ஆனால் அது வ. கீதாவின் மொழிபெயர்ப்பாக 2010இல் ஆங்கிலத்தில் முன்னர் வெளிவந்தது. 'வெள்ளை மொழி' எனத் தமிழில் வந்தது 2011இலேதான். தமிழ் பயில்வோராகிய எமக்கு இஃது உறுத்துகின்றது.

தமிழ்நாடு 2008இல் திருநங்கையர்க்கு நலவாரியம் அமைத்தது. உச்சநீதிமன்றம் 2014இல் அவர்தம் பாலை அவரே உரைக்கும் உரிமையை ஏற்றது. சங்கமா தொடுத்த வழக்கினையொட்டிக் கருநாடகம் 2021இல் அரசுப்பணிகளில் நூற்றுக்கு 1 இடம் ஒதுக்கிற்று. இந்திய மாநிலங்களுள் அதுவே முதலாவது. ஆயின், அது கருநாடக அரசுப்பணிக்கு மட்டுமே உரியது; எல்லைக்கு இப்பால், தனியார்க்குரிய எம்மூர் ஆலைகளின் வாயிலை அஃது எட்டாது. அவ்வாயிலுக்குச் செல்லும் பேருந்தின் அருகேதான் அவர்கள் இன்றும் கைதட்டி நிற்கின்றனர்.