வெளுத்த விரல்கள் – 9: பெட்ஃபோர்டின் இடது கை

சென்ற வாரம் கிரைண்டர் பிடிக்கும் கையில் அதிர்வால் ரத்தக்குழாய் ஏன் சுருங்கி விரல்கள் வெளுக்கின்றன என்று பார்த்தோம். இந்த வாரம் கையுறைகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் இந்த நோயை நூறாண்டுக்கு முன்பே ஆராய்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் குறுக்கே வந்துவிட்டார். அவரைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை.

1918 ஜனவரி. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து பெட்ஃபோர்டு, சுண்ணாம்புக்கல்லை நம்பிப் பிழைக்கும் ஊர். பின்னாளில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குப் போனதும் இந்த வட்டாரத்துக் கல்தான். அங்கே கல்தச்சர்களின் கையில் காற்றழுத்தச் சுத்தியல் வந்திருந்தது. நிமிடத்துக்கு 3,000 அடிக்கு மேல் அடிக்கும். குளிர்ந்த காலைகளில் விரல்கள் செத்துப்போகின்றன என்று அவர்கள் முறையிட்டார்கள். அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக்காக மருத்துவர் ஹாமில்டன் விசாரிக்கப் போனார். கடும் குளிரில் போனதால்தான் நோயை நேரில் பார்க்க முடிந்தது.

விரல் பிணம் மாதிரி வெளுத்திருந்தது. வெளுப்பு முடிந்து நல்ல தோல் தொடங்கும் இடம் கோடு கிழித்தாற்போல் துல்லியம். சுத்தியலைப் பிடித்த வலது கையைவிட, உளியைப் பிடித்த இடது கைக்கே பாதிப்பு அதிகம். அதிர்வு கல்லைத் தொடுமுன் உளி வழியாக அந்த விரல்களில்தான் இறங்குகிறது. அவர் பார்த்த பெட்ஃபோர்டு கல்தச்சர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு இந்தத் தொல்லை இருந்தது. அதிர்வு, இறுக்கிப் பிடிப்பது, குளிர் என்று மூன்று காரணங்களை எழுதிவைத்தார். இன்றைக்கும் தற்காப்பு இந்த மூன்றைச் சுற்றித்தான்.

மறு வருஷமே ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே ஆசிரியரான முதல் பெண் அவர். ஆனால் பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்க அவருக்கு அனுமதியில்லை! எனக்கு இது ஆறவே இல்லை.

அதைவிட ஆறாதது வேறொன்று. அறுபது வருஷம் கழித்து, 1978இல் ஆய்வாளர்கள் அதே பெட்ஃபோர்டுக்குப் போனார்கள். நிலைமை ஏறக்குறைய அப்படியே இருந்தது. காரணம் தெரிந்திருந்தும் கருவி மாறவில்லை.

அதிரும் கருவியைப் பிடிக்கும் நேரத்தைக் குறைப்பதற்கு இன்று கணக்கே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்கு அதிர்வு 2.5 மீட்டர்/வினாடி² அளவை எட்டினால் முதலாளி நடவடிக்கை எடுத்தாக வேண்டும். 5ஐத் தாண்டவே கூடாது. கவனிக்க வேண்டியது இதுதான்: அதிர்வு இரண்டு மடங்கானால் நேரத்தைப் பாதியாக்கினால் போதாது, கால்பங்காக்க வேண்டும். 5 அளவில் அதிரும் கிரைண்டர் இரண்டே மணி நேரத்தில் முதல் வரம்பைத் தொட்டுவிடும். 10 என்றால் அரை மணி! தேய்ந்த பேரிங், ஒருபக்கம் கனத்த சக்கரம், மழுங்கிய உளி எல்லாம் அந்த எண்ணை ஏற்றிவிடும். ஆகவே பராமரிப்புக்கு ஆகும் செலவு தொழிலாளியின் விரலுக்கான செலவு என்பேன்.

கையுறை எந்த அதிர்வைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பது அடுத்த வாரம்.