கண்ணாடிக்குள் ஒரு நெய்தல்

ஐந்திணையின் பெயர்களை நம் மாணவர்கள் ஒரே மூச்சில் ஒப்புவித்துவிடுவார்கள். ஆயினும் இராகலையில் பிறந்த மாணவனுக்குக் குறிஞ்சி வாயிற்படியில் நிற்கிறது. நெய்தலோ பாடநூலில் மட்டும் இருக்கிறது. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில், தேயிலைச் சரிவும் மூடுபனியும் சூழ்ந்த இவ்வூருக்குக் கடல் உப்பாகவும் கருவாடாகவும் வந்து சேர்வதே வழக்கம். சுண்ணாம்பாகவும் அது வந்திருக்கக்கூடும். இலங்கையின் தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லை அகழ்ந்து சூளையிட்டுச் சுண்ணாம்பாக்கி, கட்டடத் தொழிலுக்கு அனுப்பிவந்தார்கள். கடற்கரை வலயத்தில் அத்தொழிலைச் சட்டம் தடுத்தது பிற்காலத்திலேதான். வெள்ளையடித்த லயத்துச் சுவர்களில் எத்தனை பவள உயிர்களின் கூடு ஒட்டியிருந்ததோ, யார் கண்டார்!

இத்தகைய ஊரில் உயிருள்ள கடலொன்றைத் தம் வீட்டு முன்னறையில் வளர்க்கிறார் என் பழைய மாணவர் ஒருவர். அழகுமீன் ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் கொழும்பிலே சில ஆண்டுகள் பணியாற்றி மீண்டவர். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் உப்புக் கலந்த நீர். நம் ஊர்க் குளிரைத் தாங்க நீரை இருபத்தைந்து பாகைச் சூட்டில் வைத்திருக்கும் மின்கருவி. கடலிலிருந்து பெயர்த்த கல் எதுவும் அதில் இல்லை. சுட்ட மண்ணாற் செய்து, கொழும்புத் தொட்டியிலே நெடுநாள் ஊறிக்கிடந்த செயற்கைக் கற்களையே ஈரம் உலராமல் கொண்டுவந்து அடுக்கியிருந்தார். முதல் ஐந்து வாரம் மீன் விடவில்லை. "கல்லுக்கும் தண்ணிக்கும் கரண்ட் பில் கட்டுறான், வாத்தியாரையா!" என்று அவர் தாயார் என்னிடம் முறையிட்டார்.

கல்லும் நீரும் மட்டுமல்ல என்பதை ஓரிரவு கண்டோம். விளக்கையெல்லாம் அணைத்து, மின்சூளின் முகத்திலே சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிப் பார்க்கச் சொன்னார் மாணவர். இருளில் நடமாடும் கடலுயிர்கள் பல செவ்வொளியைப் பொருட்படுத்துவதில்லையாம். கைவில்லையைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தேன். வெண்பொடி போலத் தெரிந்தது பொடியன்று. ஒவ்வொன்றும் தத்தித் தத்தி ஓடியது. நெல்லின் முனையளவுதான் இருக்கும். நெற்றியில் ஒற்றைக் கண். சில வாலடியில் முட்டைப்பையைச் சுமந்து திரிந்தன. மேலைநாட்டார் இதற்கு இட்ட பெயரின் பொருள் துடுப்புக்காலி என்பது. கல்லின் இடுக்கிலிருந்து நூல்போன்ற ஐந்து கைகள் நீண்டு நெளிந்தன. அவற்றின் நடுவே இருந்த உடல் ஓர் உளுந்தைவிடப் பெரிதன்று. கண்ணாடியில் ஒட்டியிருந்த வெண்சுருள் ஒன்றின் வாய் திறக்க, உள்ளிருந்து மயிலிறகின் நுனிபோல ஒரு கொத்து விரிந்தது. அது ஒரு புழு. சுண்ணாம்பினாலே தனக்குத் தானே வீடு கட்டிக்கொண்ட புழு!

தமிழ் படித்தவன் இங்கே தொல்காப்பியரை நினையாதிருக்க முடியுமா? மரபியலில் அவர் நத்தை, சங்கு போன்றவற்றை ஈரறிவிலும், கறையான், எறும்பு முதலியவற்றை மூவறிவிலும், நண்டையும் தும்பியையும் நாலறிவிலும் வைத்தார். கண் உண்டு என்பதாலே துடுப்புக்காலியை நண்டின் வரிசையில் இருத்திவிடலாம். இன்றைய அறிவியலும் அதனை நண்டின் இனத்தோடுதான் சேர்க்கிறது. ஐங்கையனை எங்கே வைப்பது? அதற்குக் கண்ணென்று ஒன்றைக் காட்ட இயலாது. ஆயினும் வெள்ளொளி பட்டவுடன் சுருண்டு மறைந்தது. என் இலக்கணம் அவ்விரவு விடை தரவில்லை.

கடலை வீட்டுக்குள் வைக்கும் ஆசை புதிதன்று. 1846-ஆம் ஆண்டு ஆனா தைன் என்னும் மாது, இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து பவள உயிர்களை இலண்டனுக்குக் கொண்டுசென்று வளர்த்தார். நீருக்குக் காற்றூட்டப் பணிப்பெண், திறந்த சாளரத்தின் முன்னே அதனைக் கலத்துக்குக் கலம் மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தாளாம். 1961-இல் இந்தோனேசியரான லீ சின் எங் வேறொரு வழியை எழுதிக் காட்டினார்: உயிர் குடியிருக்கும் கற்களைத் தொட்டியில் இட்டால் நீரைத் தூய்மையாக வைக்கும் வேலையில் பெரும்பகுதியை அவ்வுயிர்களே பார்த்துக்கொள்ளும். கல்லின் துளைகளில் வாழும் நுண்ணங்கிகள் கழிவின் நஞ்சைத் தணிக்கின்றன. மீந்த இரையைப் புழுக்கள் தின்கின்றன. துடுப்புக்காலியோ மீனுக்கு இரையாகிறது.

நம் கடலிலும் இச்சிற்றுயிர்களைத் தேடியவர் உண்டு. 1891-க்குப் பின் மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு ஆண்டுக்கணக்கில் நடவாதொழியவே, காரணம் காண 1902-இல் லிவர்ப்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் இலங்கைக்கு வந்தார். 1903 முதல் 1906 வரை அவர் அறிக்கை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. கேட்டது முத்துச் சிப்பியைப் பற்றி; கிடைத்ததோ சிப்பியைச் சூழ்ந்து வாழும் உயிர்க்கூட்டம் முழுவதும். துடுப்புக்காலிகளுக்கென்றே அதில் ஒரு தனி அறிக்கை இருக்கிறது. முத்தின் கருவாக அமைவது ஒரு நாடாப்புழுவின் இளவுயிரே என்றும் ஹேர்ட்மனும் அவர் துணைவர் ஹோர்னலும் கருதினர். எல்லா முத்துக்கும் அது பொருந்தாது எனப் பின்வந்தோர் தள்ளினர். நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கடந்துவந்த கடலும் அந்த மன்னார்க் கடலே. என் பாட்டி அதைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதெல்லாம் வாந்தியும் மயக்கமும்தான். வயிற்றைக் கையில் பிடித்து வந்தவர்களுக்குத் தோணியின் கீழே குனிந்து பார்க்க ஏது பொழுது?

தொட்டிக்கு ஆறாம் வாரம் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன; பத்தாம் நாள் அவற்றின் மேனியில் உப்புத் தூவியதுபோல வெண்புள்ளிகள் தோன்றின. அந்நோயைத் தருவதும் ஒரு நுண்ணுயிரே. மீனின் உடலை விட்டு இறங்கிக் கல்லிலே கூடுகட்டி, ஒன்று பலவாகப் பிரிந்து, மீண்டும் மீனைத் தேடும். அதற்குச் செப்பு மருந்து உண்டு. ஆனால் மீனைக் காக்கும் செம்பு, முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நஞ்சு, கல்லிலும் படிந்துவிடும்.

"இரண்டு மீனையும் காசு கொடுத்து வாங்கினேன், ஐயா. இந்தப் புழுவுக்கெல்லாம் யார் காசு கொடுத்தார்கள்?" என்றார் மாணவர், மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு. அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. முட்புழுக்களைக் கண்டு அவருக்கு அருவருப்பும் இருந்தது. கண்ணாடித் துகள்போன்ற அவற்றின் மயிர் ஒருமுறை விரலில் ஏறி இரண்டு நாள் எரிந்ததாம்.

"ஐந்து வாரம் இந்தத் தண்ணீரை யார் காத்தது, தம்பி?" என்று கேட்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. சிறிது நேரங்கழித்து உள்ளே போய், தாயார் துணி அலசும் பிளாஸ்திக் பேசினைக் கழுவி எடுத்துவந்தார். மீன்களை அதில் மாற்றி, மருந்தையும் அதற்குள்ளேயே இட்டார். ஒன்று மூன்றாம் நாள் இறந்தது. மற்றது பிழைத்தது. மீனில்லாத இடத்தில் அந்நோயுயிர் பட்டினியால் அழியுமாதலால், பெரிய தொட்டி பல வாரம் மீனின்றியே கிடந்தது. கரண்ட் பில்லைப் பற்றிய முறையீடும் தொடர்ந்தது.

அவ்வாரங்களில்தான் பெயரிடும் வேலை தொடங்கிற்று. சனிக்கிழமை மாலையில் என் மாணவர் நால்வர் குறிப்பேட்டுடன் வந்து அமர்வார்கள். துடுப்புக்காலி, ஐங்கையன், முட்புழு, சுருள்வீட்டுப் புழு என்று எழுதிக்கொண்டார்கள். பக்கவாட்டில் வளைந்து கல்லுக்குக் கல் தாவும் ஓர் உயிர் மட்டும் மிகுந்தது. கூனிறாலின் சாயல், தாய் தன் வயிற்றடிப் பையில் குஞ்சுகளைச் சுமக்கிறது. யான் நிகண்டுகளைப் புரட்டி வடமொழிச் சொல்லொன்றை முன்வைத்தேன். மாணவர்களுக்கு அது வாயில் நுழையவில்லை. தேநீர் கொண்டுவந்த தாயார் முதன்முறையாகக் கைவில்லையை வாங்கிப் பார்த்தார்.

"தெள்ளுப்பூச்சி மாதிரில்ல குதிக்குது!"

கடற்றெள்ளு என்று குறிப்பேட்டில் ஏறிவிட்டது. புணர்ச்சி விதியை மட்டும் யான் சொல்லிக்கொடுத்தேன்.