பல் போனால் முகம் மாறுவது ஏன்?

பற்கள் யாவும் போய்விட்ட ஆச்சிமார் வெற்றிலையையும் பாக்கையும் சிற்றுரலில் இடித்து வாயிலிட்டு மெல்லும்போது பக்கவாட்டில் உற்றுநோக்கினால், உதடுகள் உள்வாங்கி, சொக்கு ஒட்டி, நாடி மேலெழுந்து மூக்கை அணுகுவது புலப்படும். வயோதிகத்தின் இயல்பென்று நாம் கொள்ளும் இத்தோற்றத்திற் பெரும்பங்கு பல்லின்மையால் விளைந்ததேயாகும்.

வேரைத் தாங்கும் தாடையெலும்பின் விளிம்பு, மெல்லும்போது வேர்வழியாக வரும் அழுத்தத்தினாலேயே தன் உருவத்தைக் காத்துக்கொள்வது. பல் பிடுங்கப்பட்டபின் அவ்வெலும்பு முதலாண்டில் விரைவாகவும், பின்னர் ஆயுள் முழுவதும் மெதுவாகவும் கரைகின்றது. மேற்றாடையினும் கீழ்த்தாடையில் இவ்விழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். தடுத்து நிறுத்தப் பல்லில்லாமையால், வாயை மூடுந்தோறும் கீழ்த்தாடை முன்னோக்கிச் சுழன்று மேலேற, மூக்கடியிலிருந்து நாடிவரையுள்ள உயரம் குறைந்து, கடைவாயிற் சுருக்கம் விழுகின்றது. செட்டு என வழங்கும் கட்டுப்பல் இவ்வுயரத்தை மீட்டுத் தருமாயினும், முரசின்மேல் அமர்ந்திருப்பதால் எலும்பு கரைவதைத் தடுக்கமாட்டாது. சில ஆண்டுகளிற் செட்டுத் தளர்ந்து, புழுக்கொடியலை நினைத்தும் பார்க்கவியலாத நிலை வந்துவிடும்.

சுவீடன் தேசத்துப் பேராசிரியர் பிரோனமார்க், 1952 ஆம் ஆண்டளவில், முயலின் காலெலும்பில் வைத்த தைத்தேனியக் கருவி எலும்போடு பிரிக்கவொண்ணாதபடி ஒன்றியதைக் கண்டு, 1965 இல் பல்லிழந்த ஒருவரின் தாடையில் அவ்வுலோகத் திருகாணிகளைப் பதித்தார். இம்பிளான்ற் என இன்று வழங்கும் இத்திருகாணி, வேரின் தொழிலை ஏற்று அழுத்தத்தை எலும்புக்குட் செலுத்துவதால், அவ்விடத்திற் கரைதல் பெரிதும் மட்டுப்படுகின்றது. ஆயினும், போன எலும்பை அது மீண்டும் வளர்ப்பதில்லை.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. நெடுங்காலம் பல்லின்றியிருந்தவரின் மேலுதட்டை முன்னே தாங்கிநிற்பது பெரும்பாலும் செட்டின் இளஞ்சிவப்பு முன்விளிம்பேயன்றிப் பல்லன்று. அவ்விளிம்பில்லாத நிலையான பற்களை, பெருஞ்செலவு செய்து, திருகாணிகளின்மேற் பொருத்தியபின்பும் உதடு குழிந்தே நிற்கக்கூடும். அத்தகையோருக்குத் திருகாணியிற் கொளுவிக் கழற்றத்தக்க செட்டே முகத்துக்கு நிறைவு தரும். ஆதலால் விளிம்பு நீக்கிய மாதிரியை வாயிலிட்டு, பக்கவாட்டில் எடுத்த படத்திலே முகத்தைப் பார்த்தபின் தீர்மானிப்பதே விவேகம்.

கீழ்த்தாடைக்கோ இரண்டு திருகாணிகளிற் கொளுவும் செட்டையே முதற்றெரிவாகக் கொள்ளலாமென்று, 2002 இல் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தனர். ரொறன்ரோவிலும் இலண்டனிலுமிருந்து பெற்றோருக்குப் பல் வைக்கப் பணம் அனுப்பும் பிள்ளைகள், எலும்பு எஞ்சியிருக்கும்போதே அதனைச் செய்வித்தல் நன்று. நீரிழிவு கட்டுக்கடங்காதிருப்பினும், சுருட்டைக் கைவிடாதிருப்பினும், திருகாணி எலும்போடு ஒன்றாமற் போகக்கூடும் என்பதை அப்புமாரும் அறிந்திருத்தல் வேண்டும்.