நோயை மறைத்து விமானம் ஏறாதீர்கள்

கடையநல்லூர், புளியங்குடி, தென்காசிப் பக்கத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெருவைக் காண்பது அரிது. குற்றாலச் சாரல் நேரத்தில் விடுமுறைக்கு வந்த பலர், ஆரியங்காவு மலைப்பாதையில் இறங்கித் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுகிறார்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்ட அலைச்சல் அது. இன்சுலினும் மாத்திரைகளும் பெரிய பெட்டியில் முறுக்கு டப்பாவுக்கு அடியில் கிடந்தால், நடுவானில் கைக்கு எட்டாது. "சொன்னா இறக்கி விட்டுருவாங்க" என்ற பயத்தில் பலர் விமானப் பணியாளர்களிடம் நோயைச் சொல்வதும் இல்லை. இந்த மௌனம் உயிருக்கும் ஆபத்து. பின்னால் கேட்க வேண்டிய நியாயத்துக்கும் ஆபத்து.

பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றது. ஊட்டிக்குப் போனால் மூச்சு வாங்குபவருக்கு விமானத்திலும் வாங்கும். 2013இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட ஆய்வில், 604 விமானப் பயணங்களுக்கு ஒன்றில் மருத்துவ அவசரம் நேர்ந்திருந்தது. மயக்கமே அதிகம். விமானத்தைத் திருப்பியது சுமார் 7 சதவீதம்தான். வானத்தில் என்ன செய்துவிட முடியும் என்பவர்களுக்கு இதுவே பதில்: ஆக்சிஜன், மருந்துப் பெட்டி, பயணிகளிடையே இருக்கும் மருத்துவர், தரையிலிருந்து கிடைக்கும் ஆலோசனை ஆகியவற்றால் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கலாம். ஆனால் என்ன நோய், என்ன மருந்து என்று தெரிய வேண்டும். இறக்கிவிடும் பயமும் முற்றிலும் பொய்யல்ல. அண்மையில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ நடந்திருந்தால் மருத்துவச் சான்று கேட்பார்கள். கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரைக்காகப் பொதுவாக யாரையும் தடுப்பதில்லை.

இனி நியாயம் கேட்பது பற்றி. விமானப் பயண இழப்பீடு குறித்த 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையை இந்தியா 2009இல் ஏற்றது. அதன்படி, பன்னாட்டுப் பயணத்தில் உயிரிழப்புக்கோ உடற்காயத்துக்கோ 'விபத்து' நடந்தால்தான் இழப்பீடு; உடம்பில் இருந்த நோய் தானாக முற்றினால் கிடையாது. ஆனால் 1998இல் ஒலிம்பிக் ஏர்வேஸ் விமானத்தில் ஆஸ்துமா நோயாளி ஒருவருக்காக, புகைபிடிக்கும் பகுதியிலிருந்து இடம் மாற்றச் சொல்லி அவர் மனைவி மூன்று முறை கேட்டார். 11 இருக்கைகள் காலியாக இருந்தும் பணிப்பெண் மறுத்தார், நோயாளி இறந்துபோனார். அந்த மறுப்பே விபத்தாகும் என்று 2004இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மான்ட்ரியலுக்கு முந்தைய வார்சா உடன்படிக்கையின் கீழ் வந்த தீர்ப்பு, நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அங்கே வழக்கு நின்றது, அவர்கள் வாய்விட்டுக் கேட்டிருந்ததால்தான். எனவே உதவியைத் தெளிவாகக் கேளுங்கள். நேரம், பணியாளர் பெயர், பக்கத்து இருக்கைக்காரர் எண் ஆகியவற்றைக் குறித்து, போர்டிங் பாஸைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், பிறகு அரசின் ஏர்சேவா புகார்த் தளம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வசிக்கும் ஊருக்கான மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். விமான நிறுவனத்தின் தலைமையகம் தேடி டெல்லிக்கோ மும்பைக்கோ அலைய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக் கெடுவைத் தவற விடாதீர்கள்.