இந்திராநகரில் சாப்பிட்டு அல்சூருக்கு நடங்கள்

பெங்களூருக்கு இரண்டு நாள் போகிறவர்களை அங்கே ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகள் தவறாமல் கூட்டிப்போகும் இடம் இந்திராநகர். சனிக்கிழமை இரவு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரும் வேண்டாம். நூறடி சாலையில் வண்டி நிறுத்த இடம் தேடும் நேரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டையே முடித்துவிடலாம். மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் இந்திராநகருக்கென்றே நிலையம் இருக்கிறது. 2011 அக்டோபரில் நகரத்தின் முதல் மெட்ரோ ஓடிய நாளிலிருந்து இருக்கிறது.

காலை டிபனுக்குப் போவதே உத்தமம். 2021இல் இங்கே தொடங்கிய ராமேஸ்வரம் கஃபேயின் பெயர் அப்துல் கலாமின் நினைவாக வைத்தது. நெய்க்குப் பஞ்சமில்லை, வரிசைக்கும் பஞ்சமில்லை. வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் பக்கத்துத் தெருவில் ஏதாவது ஒரு தர்ஷினிக்குள் நுழையலாம். தர்ஷினி என்றால் டோக்கன் வாங்கி, நின்றபடியே சாப்பிடும் சிறிய ஓட்டல்.

அங்கே 'சவ்சவ் பாத்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, காய்கறி சாதமோ என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே தட்டில் காரா பாத், கேசரி பாத் இரண்டையும் வைத்துத் தருவார்கள். நம் ஊர் ரவா உப்புமாவும் கேசரியும்தான். மசால் தோசைக்குள் சிவப்புப் பூண்டுச் சட்னி தடவியிருக்கும். சாம்பார் கொஞ்சம் இனிக்கும். அதைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாவது கிண்ணம் வாங்கும் தமிழர்களில் நானும் ஒருவன். இருவர் போனால் 'பை-டூ காபி' கேளுங்கள், ஒன்றை இரண்டாகப் பங்கிட்டுத் தருவார்கள்.

ஒருகாலத்தில் தோட்டம் வைத்த தனி வீடுகள் நிறைந்த அமைதியான குடியிருப்பு இது. நூறடி சாலையிலும் 12வது மெயினிலும் அந்த வீடுகளில் பல இன்று துணிக்கடைகளாகவும் கஃபேக்களாகவும் மாறிவிட்டன. மாலையில் பியர் பிரியர்கள் தேடுவது 'டாய்ட்' என்ற பப்பை. 2010 முதல் தன் கட்டடத்திலேயே பியர் தயாரித்துத் தருகிறது. உள்தெருக்களில் மட்டும் பழைய மரநிழல் மிச்சமிருக்கிறது. கடைகளைவிட அந்த நிழலில் நடப்பதே எனக்குப் பிடிக்கும்.

ஆனால் தமிழர்கள் இங்கேயே திரும்பிவிடக் கூடாது. மெட்ரோவில் அடுத்த நிலையம் அல்சூர். கன்னடத்தில் ஹலசூரு, பலாத்தோப்பு இருந்த ஊர் என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். 1809இல் ஆங்கிலேயர் கன்டோன்மென்ட் அமைத்தபின் சிப்பாய்களாகவும் வியாபாரிகளாகவும் வந்த தமிழர்கள் நிலைத்த பகுதி. மதராஸ் சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படையின் தலைமையகம் இன்றும் அல்சூர் ஏரியை ஒட்டியே இருக்கிறது. சோமேஸ்வரர் கோயிலின் தூண் சிற்பங்களுக்கே ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். பிறகு ஏரிப் பக்கம் நடந்தால், 1950இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம்.

ஏரிக்கு அருகிலேயே திருவள்ளுவர் சிலை நிற்கிறது. 1991இல் நிறுவி, எதிர்ப்பால் பதினெட்டு ஆண்டுகள் மூடியே வைத்திருந்த சிலை. 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதி திறந்துவைத்தார், எடியூரப்பா உடனிருந்தார். அதற்கு ஈடாக நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தது. சென்னைக்காரர்கள் ஊர் திரும்பியதும் அதையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.